சொல்லுக்குப் பவுடர் பூசுகிறவர்

இந்த இனத்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எந்த உண்மையையும் முகம் கழுவி, பவுடர் பூசி, தலைசீவிய பிறகுதான் வெளியே அனுப்புவார்கள். எங்கள் கொலம்பிய மலைச்சரிவுக் குடியிருப்பில் இந்த இனத்தின் தலைமகன், குடியிருப்போர் சங்கச் செயலாளர் தோன் எவேலியோ. (எங்கள் ஊரில் 'தோன்' என்றால் ஐயா, 'தோன்யா' என்றால் அம்மா.)

ஒழுகும் கூரை அவருக்குக் 'காற்றோட்டமான கூரை'. ஒரு மணி நேரம் தாமதமாக வரும் பஸ் 'நிதானமான பஸ்'. காலையிலேயே குடித்துவிட்டுப் படிக்கட்டில் கிடக்கும் அவருடைய மைத்துனர் 'உற்சாகப் பிரியர்'. பொய் சொல்கிறாரா? இல்லை. அதுதான் சங்கடம்.

போன மாதம் எங்கள் குழாய்கள் வறண்டன. நகராட்சியிடம் இருந்தது ஒரே ஒரு தண்ணீர் லாரி. யாருடைய மனு அவசரமாகத் தெரிகிறதோ அவர்களுக்கு அந்த வாரம் முழுக்க லாரி. சூப் விற்றுப் பிழைக்கும் தோன்யா நுபியா ஒன்பது நாளாக அடுப்பு மூட்டவில்லை. சங்கக் கூட்டத்தில் அவர்தான் முதலில் பேசினார்.

"குழாய்ல காத்துதான் வருதுன்னு எழுதுங்க, தோன் எவேலியோ."

"காத்துன்னு எழுதினா நம்மள மதிப்பாங்களா, தோன்யா? 'இடைவெளி விட்டு வருகிறது'ன்னு போடறேன். ஒன்பது நாள் இடைவெளி, அவ்வளவுதானே? பொய் இல்லையே?"

"பொய் இல்ல. ஆனா அதப் படிச்சா எனக்கே தாகம் எடுக்கலையே."

யார் கேட்டார்கள்? முத்திரை குத்தி, நான்கு பக்கத்தில், 'சற்றே அசௌகரியம்', 'பழகிக்கொண்டு வருகிறோம்', 'தங்கள் வசதிப்படி' என்றெல்லாம் அடுக்கி, கடைசியில் நகராட்சிக்கு நல்வாழ்த்தும் சொல்லி மனு போனது. பக்கத்துக் குடியிருப்பின் மனு ஒரே வரி: 'எங்கள் பிள்ளைகள் சாக்கடைத் தண்ணீர் குடிக்கிறார்கள்.' லாரி எங்கே போனது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

எங்களுக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. 'உங்கள் பொறுமை மற்றவர்களுக்கு முன்மாதிரி.' தோன் எவேலியோ அதைக் கூட்டத்தில் இரண்டு முறை வாசித்தார்.

"சட்டம் போட்டு மாட்டலாம். இது தோல்வி இல்ல, ஒத்திப்போட்ட வெற்றி."

"எங்கிட்ட குடுங்க, அடுப்பெரிக்கலாம்," என்றார் நுபியா. "ஆனா மேல வைக்கிற பானைக்குத் தண்ணி எங்க?"

ஒரே குழாயை 'இடைவெளி விட்டு வருகிறது' என்றும் சொல்லலாம், 'வரவில்லை' என்றும் சொல்லலாம். முதலாவதைப் படித்த அதிகாரி காப்பி குடிக்கப் போவார். இரண்டாவதைப் படித்தவர் லாரி ஓட்டுநரைக் கூப்பிடுவார். இதைப் புரிந்துகொள்ள நாங்கள் இன்னொரு வாரம் குளிக்காமல் இருக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது மனுவை நுபியாவே எழுதினார். 'பதினாறு நாளாகத் தண்ணீர் இல்லை. கிழவர் ஒருவர் மயங்கி விழுந்தார். நேரில் வந்து பாருங்கள்.' கீழே இருபத்தெட்டுக் கையெழுத்துகள். சனிக்கிழமை லாரி வந்தது. வரிசையில் முதல் ஆளாக இரண்டு வாளியோடு நின்றவர் தோன் எவேலியோ.

"வரிசைய முந்தறீங்களே," என்றார் நுபியா.

"முந்தல, தோன்யா. முன்கூட்டியே வந்து சேந்திருக்கேன்."

சிரிக்கிறீர்கள். ஆனால் உங்கள் மகன் அடம்பிடித்தால் அது 'உறுதி', எதிர்வீட்டுப் பையன் அடம்பிடித்தால் 'திமிர்' என்று நேற்று யார் சொன்னது? நீங்கள் சேமித்தால் 'சிக்கனம்', உங்கள் அண்ணன் சேமித்தால்? 'நான் அப்படியெல்லாம் இல்லை, கொஞ்சம் பக்குவமாகப் பேசுவேன், அவ்வளவுதான்' என்கிறீர்களா? தோன் எவேலியோவும் தன்னைப் பற்றி அப்படித்தான் சொல்கிறார்.