செவலை தின்னாத மொச்சை

பாயான் பாரு,
தை எட்டாம் நாள்.

மதிப்புக்குரிய மச்சான் சோமசுந்தரம் அவர்களுக்கு, ராம்நாத் வணக்கத்துடன் எழுதுவது. ஈப்போவில் நீங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள். இருக்கவும் வேண்டும், ஏனென்றால் உங்களோடு நான் சண்டை போடப் போகிறேன். போன் செய்தால் நீங்கள்தான் பேசுவீர்கள். அதனால்தான் தாளும் பேனாவும்.

சோயாச் சக்கை கொடுத்த தொழிற்சாலை மூடிவிட்டது, எங்கள் மாடு செவலைக்குப் பால் குறைந்துவிட்டது என்று புரட்டாசியில் ஒரு வார்த்தை சொன்னேன். சொன்னது என் தப்புதான். "மொச்சை போடுங்க மாப்பிள்ளை, அத்தனையும் புரதம், தீவனத்த வீட்டுலயே வெளைய வைங்க" என்று உங்கள் வீட்டு வேலியில் காய்த்த விதையை அனுப்பி, பின்னாலேயே வாட்ஸ்அப்பில் பதினோரு நிமிடக் குரல் செய்தி மூன்று அனுப்பினீர்கள். முதலாவதை மட்டும் கேட்டுவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் விதைத்தேன். முப்பது வருஷம் ஃபேக்டரியில் ஏர்கோனில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் சிப்பு சோதித்தவன் நான், இடுப்பு போச்சு.

உங்கள் தங்கச்சி உமா வேறு கெடு வைத்துவிட்டாள். "தைப்பூசத்துக்குத் தண்ணிமலை முருகன் கோயிலுக்கு நாம எடுக்கிற அஞ்சு பால்குடத்துக்கும் செவலை பால் பத்தலன்னா, பூசத்துக்கு மறுநாள் மாடு வாங்குற ஜுருக்காரரு லாரியோட வந்துடுவாரு" என்கிறாள். அவள் சும்மா மிரட்டுகிறவள் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். ஓய்வு பெற்ற எனக்குக் காலையில் எழுந்திருக்க இருக்கும் ஒரே காரணம் அந்த மாடுதான், மச்சான்.

மொச்சை என்னவோ கொத்துக் கொத்தாகத்தான் காய்த்தது. வந்தது பொங்கல். பக்கத்து வீட்டு நல்லம்மாள் அக்கா பையோடு வந்து, "பச்ச மொச்ச இல்லாம பொங்கக் கொழம்பு எப்படிலா தம்பி வைக்கிறது?" என்றார். மாட்டுத் தீவனம் அக்கா என்றேன். "மாடு கோவிச்சுக்காதுலா" என்று பறித்துக்கொண்டே போனார். மறுநாள் தெருவே வந்தது. எதிர்வீட்டு நோர்மாகூட "அங்கிள், மிளகாய்ச் சம்பாலுக்கு நல்லா இருக்கும்லா" என்று ஒரு சட்டி பறித்தாள். மாட்டுப் பொங்கலன்று அதே கூட்டம், அதே மொச்சையைக் குழம்பாக்கிச் சோற்றில் பிசைந்து செவலைக்கு ஊட்ட வருகிறது! செவலை காரத்தில் தும்மியதில் என் புது வேட்டி போச்சு.

மிஞ்சியதைக் காயவைத்துத் தொட்டியில் கொட்டினேன். மோந்து பார்த்தாள், மூக்கால் தள்ளினாள், என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நீங்கள் வாங்கியிருக்க வேண்டும்! பால் நாலு லிட்டரைத் தாண்டவில்லை, குடத்துக்கு ஒரு லிட்டராவது வேண்டும், பூசத்துக்குப் பத்தே நாள். இன்று காலை வயிறெரிந்து அத்தனை கொடியையும் வேரோடு பிடுங்கிக் கொட்டகை ஓரம் எறிந்துவிட்டேன். இனிமேல் விதை, யோசனை, குரல் செய்தி எதுவும் அனுப்பாதீர்கள். மற்றபடி அக்காவுக்கு என் அன்பு, பேரப்பிள்ளைகளுக்கு ஆசி. முருகன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் குறைந்த பேச்சையும் அருளட்டும்.

இப்படிக்கு,
நொந்துபோன ராம்நாத்

பி.கு.: மூன்று நாளாக இதைத் தபாலில் போடவில்லை. அன்று எழுதி முடித்துக் கொட்டகைக்குப் போனால், எறிந்த கொடியைக் கயிறு எட்டும் வரை செவலை தின்றுவிட்டு மீதிக்குக் கத்துகிறாள். மாட்டுக்கு ஆகுமோ ஆகாதோ என்று பயந்துபோய் உங்கள் இரண்டாவது செய்தியைத் திறந்தேன். "மாப்பிள்ளை, கொடியும் எலையும்தான் மாட்டுக்கு, புல்லோட கலந்து குடுங்க. காய நீங்க கொழம்பு வச்சுக்குங்க" என்று ஏழாவது நிமிடத்தில் சொல்கிறீர்கள். அதை முதல் நிமிடத்தில் சொன்னால் என்ன? பால் ஒன்றரை லிட்டர் ஏறிவிட்டது. ஆனால் கொடி நாளையோடு தீர்ந்துவிடும், பிடுங்கியவன் நான். தபால் வந்து சேரும்வரை தாங்காது, இந்தக் கடிதத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். உங்கள் வீட்டு வேலியில் இருக்கும் மொச்சைக்கொடி அத்தனையும் அறுத்து வண்டியில் போட்டுக்கொண்டு உடனே புறப்பட்டு வாருங்கள். உமாவிடம் நான்தான் கண்டுபிடித்தேன் என்று சொல்லியிருக்கிறேன், காட்டிக்கொடுக்காதீர்கள். மூன்றாவது செய்தியை இன்னும் கேட்கவில்லை. நேரில் வந்து சொல்லுங்கள், எத்தனை மணி நேரமானாலும் உட்கார்ந்து கேட்கிறேன்.