மிளகாய்ப் பருவத்தில் ஒருமித்த தீர்ப்பு

உண்மை என்பது பல நூற்றாண்டுகளாக நிலையான முகவரி இல்லாமல் அலைந்துகொண்டிருந்தது. சில காலம் கோயில்களில் தங்கியது, சில காலம் நீதிமன்றங்களில். பல்கலைக்கழகங்களும் வாடகைக்கு ஓர் அறை கொடுத்துப் பார்த்தன. கடைசியில் அது தெற்குச் செர்பியாவில், க்ரெமெனிட்சா நகரத்துப் பழைய காலுறைத் தொழிற்சாலையின் இரண்டாவது மாடியில் நிரந்தரமாகக் குடியேறியது. வாசலில் பித்தளைப் பலகை மாட்டினார்கள்: 'கூட்டறிவு நோயறி மையம்'. அதன் கீழே, சற்றே பெரிய எழுத்தில்: 'இயக்குநர் ராதிவோயெ ஸ்தமென்கோவிச்'.

மையம் வேலை செய்யும் விதத்தைக் கேட்டால் யாரும் அதன் அழகில் மயங்கிவிடுவார்கள். ஒருவர் உடம்பிலிருந்து சந்தேகப்படும்படியான சதைத் துணுக்கு ஒன்றை வெட்டி எடுக்கிறார்கள். அதை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றுகிறார்கள். செல்களின் கரு ஊதாவாகும், மற்றதெல்லாம் இளஞ்சிவப்பாகும். அதுதான் ஸ்லைடு. முன்பெல்லாம் ஒரு டாக்டர் மைக்ராஸ்கோப்பில் குனிந்து கழுத்து வலிக்க அதைப் பார்ப்பார். இப்போது ஒரு கருவி அதைப் பெரிய படமாக எடுத்து, சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி, நகரத்து மக்களின் போனுக்கு அனுப்புகிறது. ஒரு ஸ்லைடின் சதுரங்கள் எல்லாம் அதே ஐந்து பேருக்குப் போகும். பச்சைப் பொத்தான் என்றால் 'சாதாரணம்'. சிவப்பு என்றால் 'சந்தேகம்'. சிவப்பை அழுத்தியவர், சந்தேகம் எங்கே என்று விரலால் சுற்றிக் கோடும் வரைய வேண்டும்.

அந்த ஐந்து பேரும் டாக்டர்கள் இல்லையே என்று சிலர் கேட்டார்கள். அவர்களுக்கு இயக்குநர் பூசணிக்காயை உதாரணம் காட்டுவார். சந்தையில் ஒரு பூசணிக்காயின் எடையை ஊரே ஊகிக்கட்டும். ஒருவர் கூட்டிச் சொல்வார், ஒருவர் குறைத்துச் சொல்வார். தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, சராசரி அச்சாகச் சரியான எடையில் வந்து நிற்கும். அதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: யாரும் யாரையும் கேட்காமல் தனித்தனியாக ஊகிக்க வேண்டும். இந்த நிபந்தனையை விதிமுறைகளின் முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். ஆகவே அதைப் பற்றி அதற்கு மேல் யாரும் கவலைப்படவில்லை.

இத்தனையையும் மேலிருந்து ஆள்வது 'ஸ்லோகா' என்ற கணினி நிரல். ஸ்லோகா என்றால் ஒற்றுமை. அந்தப் பக்கத்தில் கால்பந்துக் குழு முதல் பால் கூட்டுறவுச் சங்கம் வரை எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர்தான். எந்தப் படத்துக்கு எது சரியான விடை என்று ஸ்லோகாவுக்குத் தெரியாது. யார் மற்றவர்களோடு ஒத்துப்போகிறார் என்பது மட்டும் தெரியும். ஒத்துப்போகிறவரின் 'நம்பக மதிப்பெண்' ஏறும். மதிப்பெண் ஏறினால் வாக்குக்குக் கனம் கூடும். கனமான வாக்குகள் எதைச் சொல்கின்றனவோ அதுவே விடை. அந்த விடைகளைப் படித்துப் படித்து, ஸ்லோகாவும் ஆறாவது ஆளாக வாக்களிக்கக் கற்றுக்கொண்டது. மக்களிடமிருந்து அது பாடம் கற்றது. மக்கள் அதனிடமிருந்து மதிப்பெண் பெற்றார்கள். இரு தரப்புக்கும் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

சண்டை போட்ட ஒரே ஆள் டாக்டர் நேவென்கா பெய்ச்சிச். மாவட்டத்து ஸ்லைடுகளையெல்லாம் அதுவரை மைக்ராஸ்கோப்பில் பார்த்து வந்த நோயியல் நிபுணர் அவர்தான். சமத்துவம் கருதி அவரையும் ஒரு போனோடு வாக்காளராகச் சேர்த்தார்கள். இரண்டே வாரத்தில் அவருடைய நம்பக மதிப்பெண் பாதாளத்துக்குப் போயிற்று. 'தொடக்க நிலையினர் வகுப்புக்கு வாருங்கள்' என்று ஸ்லோகா மரியாதையாக அழைத்தது. போனார். வகுப்பில் காட்டிய படங்களெல்லாம் அவரே பல காலம் முன்பு எடுத்துச் சேர்த்தவை. விடைகள் மட்டும் பிறகு மக்கள் வாக்கால் 'மேம்படுத்தப்பட்டிருந்தன'. அங்கேயும் அவர் தேறவில்லை.

அவரை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய ஒரு கூட்டம் கூடியது. காப்பியும், சீனிப்பொடி தூவிய மிட்டாயும் பரிமாறப்பட்டன.

"டாக்டர், உங்க மேல எனக்குத் தனிப்பட்ட முறையில வருத்தம் எதுவும் கிடையாது," என்றார் இயக்குநர். "ஆனா நீங்க ஒருத்தர். அவங்க பெரும்பான்மை."

"நான் பாக்கறது புற்றுநோய். பட்ஜெட் இல்ல," என்றார் நேவென்கா.

இந்தப் பதிலில் கூட்டுணர்வு குறைவாக இருப்பதாகக் குறிப்பேட்டில் பதிவாயிற்று. டாக்டரும் மைக்ராஸ்கோப்பும் 'மரபுப் பிரிவு' என்று பெயர் சூட்டப்பட்ட அடித்தளத்துக்கு மாற்றப்பட்டார்கள். பழைய காலுறை அச்சுகள் கிடந்த அறை அது.

செப்டம்பரில் இயக்குநருக்குச் சளி பிடித்தது. மனைவி திவ்னா, வழக்கப்படி, அவரைக் குப்புறப் படுக்கவைத்து முதுகில் சாராயம் தேய்த்தாள். தேய்த்த கை பாதியில் நின்றது. தோள்பட்டைக்குக் கீழே இருந்த மச்சம் முன்னைவிடப் பெரிதாக, ஓரங்கள் கோணலாக இருக்கிறது என்றாள். இரண்டு சன்னலையும் எதிரெதிரே திறந்து வைத்துக்கொண்டு உட்காராதே என்று எத்தனை தடவை சொன்னேன் என்றும் சொன்னாள். அவள் அறிவுக்கு எட்டிய எல்லா நோய்களும் அப்படிக் குறுக்கே வீசும் காற்றில்தான் வந்தன.

அறுவை மருத்துவர் மச்சத்தை வெட்டி எடுத்தார். ஸ்லைடு எங்கே போகட்டும் என்று கேட்டார். இயக்குநர் மார்பை நிமிர்த்தி, மற்ற குடிமக்களின் ஸ்லைடு எங்கே போகிறதோ அங்கேதான் என்றார். இதை அவர் இரண்டு பேர் காதில் விழும்படி சொன்னார்.

முடிவு மறுநாளே வந்தது: 'சாதாரணம். ஐவரும் ஒருமித்த கருத்து. நம்பகம் மிக உயர்வு.' கீழே ஒரு சிறு குறிப்பு: ஐந்து வாக்குகளும் ஒரே நொடியில் பதிவாகியிருந்தன. இயக்குநரின் கண் கலங்கிவிட்டது. ஊரின் ஐந்து மூலைகளில், ஒருவரையொருவர் அறியாத ஐந்து பேர், ஒரே கணத்தில் தன் முதுகைப் பற்றி நல்லவிதமாக நினைத்திருக்கிறார்கள். அவர்களை நேரில் பார்த்து நன்றி சொல்லாவிட்டால் மனிதனே இல்லை. காப்பிப்பொடிப் பொட்டலங்கள் ஐந்து வாங்கிக்கொண்டார். இயக்குநர் என்ற உரிமையில் ஐந்து விலாசங்களையும் எடுத்துக்கொண்டார்.

ஐந்தும் ஒரே தெருவில் இருந்தன. திறமை சில தெருக்களில் திரளும் போலும் என்று வியந்துகொண்டே போனார். முதல் வீட்டில் ஆள் இல்லை. இரண்டாவதும் பூட்டியிருந்தது. மூன்றாவது வீட்டின் முற்றத்திலிருந்து புகை வந்தது. மிளகாய் வாட்டும் புகை.

செப்டம்பரில் க்ரெமெனிட்சாவில் வேறு எந்த வாசனையும் கிடையாது. சிவந்த நீளக் குடைமிளகாயை மூட்டை மூட்டையாக வாங்கி, தகர அடுப்பில் வாட்டி, தோலுரித்து, பெரிய அண்டாவில் எண்ணெய் விட்டுக் கிளறி, குளிர்காலத்துக்கு அய்வார் என்ற துவையலாகப் புட்டியில் அடைப்பார்கள். யாராவது தனியாக அய்வார் கிளறினால் குடும்பத்தோடு பகை என்று அர்த்தம். ஆகவே தெருவே அந்த முற்றத்தில் இருந்தது. முழங்கைவரை எல்லாருக்கும் சிவப்பு. சுவர் ஓரமாக ஒரு பலகையில் போன்கள் வரிசையாகப் படுத்திருந்தன. அவற்றுக்கு முன்னால் ஒரு ஆள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரி தெசான்காவின் மைத்துனர் ப்ளகோயெ. மூன்று மிளகாயைக் கருக்கிவிட்டதால் அடுப்புப் பக்கம் வரக்கூடாது என்று அவருக்கு உத்தரவு. ஊரில் அன்று சுத்தமான கை அவருடையது மட்டும்தான்.

போன்கள் ஒன்றாக முனகின. ப்ளகோயெ பலகையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை, பியானோ வாசிப்பவர் போல, பச்சையை அழுத்திக்கொண்டு போனார்.

இயக்குநர் காப்பிப் பொட்டலங்களோடு அசையாமல் நின்றார். பிறகு தான் யார் என்று சொன்னார். தெசான்கா கையைத் துடைக்க முடியாததால் முழங்கையை நீட்டினாள். அவரும் அதைக் குலுக்கினார். உட்காரச் சொல்லி, ரொட்டியில் சுடச்சுட அய்வார் தடவிக் கொடுத்தார்கள்.

"இது எப்படி... எப்படித் தீர்மானிக்கறீங்க?" என்றார் இயக்குநர்.

"தீர்மானிக்க என்ன சார் இருக்கு?" என்றாள் தெசான்கா. "பச்சைதான். செவப்ப அழுத்தினா கோடு போடச் சொல்லுது. இந்தக் கையோடயா? போன வருஷம் ஒரு போன் மிளகாச் சாறு எறங்கியே செத்துச்சு. சீசன் முடியட்டும், செவப்பையும் பாத்துக்கலாம்."

"நான் ஆரம்பத்துல ரெண்டு செவப்பு போட்டேன்," என்றார் ப்ளகோயெ. "மார்க்கு பொத்துன்னு விழுந்துச்சு. ஒரு வாரம் இந்தத் தெருவுல எனக்கு யாரும் காப்பி குடுக்கல."

"குடுப்பாங்களா? உன்னால எங்க மார்க்குமில்ல எறங்குச்சு," என்றாள் தெசான்கா. பிறகு இயக்குநர் பக்கம் திரும்பி, குரலைத் தணித்தாள். "அதோட பாருங்க சார், யாரோ ஒரு பாவம், முடிவு என்னவோன்னு பயந்துகிட்டு வீட்ல உக்காந்திருப்பாங்க. மொகம் தெரியாதவங்களுக்கு நாம எதுக்குக் கெட்ட சேதி சொல்லணும்? நல்லதையே சொல்லுவோம்."

முற்றம் முழுவதும் ஆமோதித்தது. அந்தத் தெருவில் கெட்ட மனது படைத்தவர் ஒருவரும் இல்லை. இயக்குநர் ரொட்டியை மென்றார். அய்வார் பிரமாதமாக இருந்தது. முதுகில் தையல் போட்ட இடம் அரித்தது.

அன்று பிற்பகல், வரலாற்றில் முதல் தடவையாக, கூட்டறிவு நோயறி மையத்தின் இயக்குநர் மரபுப் பிரிவுக்குப் படியிறங்கிப் போனார். கோட்டுப் பையில் ஒரு ஸ்லைடு இருந்தது.

"ஒரு நண்பரோடது," என்றார்.

நேவென்கா அதை வாங்கிக்கொண்டார். ஸ்லைடைப் பொருத்தி, குனிந்து பார்த்தார். கொஞ்சம் நகர்த்தினார். மறுபடி பார்த்தார். பிறகு இயக்குநரையும் பார்க்கச் சொன்னார். அவர் கண்ணுக்கு ஊதாவும் இளஞ்சிவப்பும் தெரிந்தன.

"சாதா மச்சத்துல இந்த செல்லெல்லாம் ஆழத்துக்குப் போகப் போகச் சின்னதாகும், அடங்கும்," என்று நேவென்கா பொறுமையாக விளக்கினார். "பாருங்க, இது அடங்கல. அடியிலயும் மேல இருக்கற மாதிரியே பெருசு பெருசா இருக்கு. அங்க கூட ரெண்டா ஒடஞ்சு பெருகிகிட்டிருக்கு. ஸ்லோகா என்ன சொல்லிச்சு?"

"சாதாரணம்னு."

"நல்லது. அப்ப உங்க நண்பர்கிட்ட சொல்லுங்க, பெரும்பான்மை அவர் பக்கம்தான்னு."

இயக்குநரின் கை தானாகத் தோள்பட்டைப் பக்கம் போயிற்று. மேலே குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"சட்டையக் கழட்டுங்க," என்றார் நேவென்கா, வேறு குரலில். முதுகைப் பார்த்தார், அக்குளில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். "இந்த வாரமே தலைநகருக்குப் போங்க. சுத்தி இன்னும் அகலமா, ஆழமா வெட்டணும். இப்பப் போனா பொழச்சுக்குவீங்க. மூணு மாசம் கழிச்சுன்னா நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

சட்டைப் பொத்தானைத் தப்பும் தவறுமாக மாட்டிக்கொண்டே, மிளகாய் முற்றத்துப் பலகையில் கண்டதையெல்லாம் சொல்லி, டாக்டருக்கு எப்படி நன்றி சொல்வது என்று கேட்டார் இயக்குநர்.

"மிளகாய்ப் பருவத்து ஸ்லைடு எல்லாத்தையும் எனக்கு அனுப்புங்க. நான் ஒரு தடவ பாத்துடறேன். உங்க மச்சம் மட்டும்தான் அந்தப் பலகைக்குப் போச்சுன்னு நெனக்கறீங்களா?"

இயக்குநர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பி வந்ததும் முதல் வேலை அதுதான் என்று வாக்குக் கொடுத்தார். அந்தக் கணத்தில் அதை முழு மனதோடு சொன்னார் என்பதில் சந்தேகமில்லை.

தலைநகரில் வெட்டினார்கள். நேரத்தோடு வந்தீர்கள் என்றார்கள். இயக்குநர் முதுகைச் சாய்க்காமல் பேருந்தில் உட்கார்ந்து ஊர் திரும்பினார். திரும்பிய அன்றுதான், மாவட்டத்திலேயே உயர்ந்த ஒருமித்த கருத்துக்கான விருதை வழங்க மேயர் வந்திருந்தார். கீழே பித்தளை வாத்தியக் குழு சுருதி பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் கடமை என்று இயக்குநர் நேராகக் கணினி முன் போய் உட்கார்ந்தார். ஒரு தீர்ப்பு தவறு என்று தெரிந்தால் மையத்தில் அதைத் திருத்த ஒரே வழிதான் இருந்தது: வாக்களிப்பது. தன் முதுகின் படத்தைத் திறந்தார். சிவப்பை அழுத்தினார். நேவென்கா காட்டிய இடத்தைச் சுற்றி, ஞாபகம் இருந்தவரை, ஒரு கோடும் வரைந்தார்.

ஸ்லோகா ஒரு கணம் யோசித்தது. பிறகு எழுதிற்று: 'தங்கள் கருத்து சமூகத்தின் கருத்திலிருந்து விலகியுள்ளது. தங்கள் நம்பக மதிப்பெண் குறைக்கப்படுகிறது. மையத்தின் ஒருமித்த கருத்தும் அதற்கேற்பக் குறையும். தொடக்க நிலையினர் வகுப்பு திங்கட்கிழமை. தவறுதலாக அழுத்தியிருந்தால் இப்போதே மாற்றிக்கொள்ளலாம்.'

கீழே வாத்தியக் குழு தொடங்கிவிட்டது. மேயர் காத்திருக்கிறார் என்று கதவருகே யாரோ சொன்னார்கள். மையம் இன்னும் ஒரே ஒரு நாள் மாவட்டத்தின் முதல் இடத்தில் இருக்க வேண்டியிருந்தது. மறுநாள் எதையும் திருத்தலாம். நாற்காலியின் முதுகில் சாய முடியாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த இயக்குநர், விரலை நகர்த்திப் பச்சையை அழுத்தினார்.

'நன்றி,' என்றது ஸ்லோகா. 'தாங்கள் சமூகத்தோடு இருக்கிறீர்கள்.'

விருதேற்புரை உணர்ச்சிகரமாக இருந்தது. தனி மனிதன் தவறுவான், சமூகம் தவறாது என்று இயக்குநர் முழங்கினார். தெசான்காவும் தெருவும் முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மறுநாள் வேறொரு கூட்டம் இருந்தது; அதற்கடுத்த நாளும். மரபுப் பிரிவில் நேவென்கா மைக்ராஸ்கோப்பின் விளக்கைப் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு ஸ்லைடும் கீழே இறங்கி வரவில்லை. மையத்தின் ஊழியர்களும் அவர்கள் குடும்பத்தாரும் மட்டும் 'பாரம்பரிய முறையிலும்' பரிசோதித்துக்கொள்ளலாம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அவர்கள் எல்லாரும் அதே வாரத்தில் தலைநகரின் வேறு மருத்துவர்களிடம் பரிசோதித்துக்கொண்டார்கள்.

அந்த மிளகாய்ப் பருவம் மையத்தின் பொற்காலம் என்று ஆண்டறிக்கை சொல்கிறது. அதை மறுக்க முடியாது. 'சாதாரணம்' என்று சொல்லி அனுப்பப்பட்ட நோயாளிகளில் ஒருவர்கூட இன்றுவரை வந்து புகார் கொடுக்கவில்லை. அடுத்த வசந்தத்தில் தெருமுனை மரங்களிலும் விளக்குக் கம்பங்களிலும், கறுப்புக் கரை போட்ட அஞ்சலித் தாள்களில், அவர்களில் சிலருடைய படங்கள் மட்டும் ஒட்டப்பட்டிருந்தன. மறுப்பு எதுவும் வராததை ஸ்லோகா கவனித்தது. அதை முழுச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, எல்லாருக்கும் மதிப்பெண்ணை ஏற்றிவிட்டது.