முப்பத்தாறு சென்டிமீட்டர் நியாயம்

கல்லூரியின் கணினி விளையாட்டு மன்றத்தில் இருந்த ஒரே கணினி, 4கே திரையில் எதைக் காட்டினாலும் விக்கி விக்கித்தான் காட்டும். எதிரி சுட்டுவிட்டுக் குளித்துச் சாப்பிட்டு வந்த பிறகுதான் நம் ஆள் திரும்பியே பார்ப்பான். சனிக்கிழமை கல்லூரிகளுக்கிடையே போட்டி. எனவே படத்தை விக்காமல் ஓட்டும் புதிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்க, தேர்வுக் குழு ஒன்று முறைப்படி அமைக்கப்பட்டது. அதில் பண்டகசாலை அதிகாரி, அணித் தலைவி, மாணவர் பிரதிநிதியாக நம் கதாநாயகி இவள். அதிகாரிகளின் தான்தோன்றித்தனத்தை ஒழிக்கவே தான் பிறந்திருப்பதாக இவளுக்கு ஒரு தாழ்மையான அபிப்பிராயம் உண்டு.

"நம்ம கேம் எதுல நல்லா ஓடுதோ அதை வாங்கிடலாம்," என்றாள் தலைவி.

"நல்லா ஓடுதுன்னு யார் சொன்னது?" என்று இவள் மடக்கினாள்.

"சோதிச்சுப் பாத்தவங்க எழுதியிருக்காங்களே."

"அவங்களைச் சோதிச்சது யாரு?"

தலைவி நெற்றியில் கைவைத்தாள். கார்டின் நினைவக அளவு அட்டைப்பெட்டியிலேயே போட்டிருக்கிறதே என்றாள். பெட்டியை அச்சடித்ததே விற்கிறவன்தானே என்று அதுவும் தள்ளுபடி ஆனது.

"அப்ப எதை வெச்சுத்தான் தாயே எடுக்கறது?"

"யார் அளந்தாலும் மாறாத ஒண்ணு வேணும்."

இருபது வருஷ சர்வீஸில் முதல்முறையாக ஒரு மாணவர் பேச்சைக் கேட்டு அதிகாரிக்குக் கண் கலங்கியது. இழுப்பறையிலிருந்து அளவு டேப்பை எடுத்தார். "நீளம், மேடம். எது நீளமோ அதுதான்."

இவள் மறுக்க வாய் திறந்தாள். காரணம் அகப்படவில்லை. காரணமில்லாமல் மறுப்பது இவள் கொள்கைக்கே விரோதம். குறிப்பேட்டில் முன்மொழிந்தவர் என்று தன் பெயர் ஏறியதும் உள்ளுக்குள் குளுகுளுவென்று வேறு இருந்தது.

முப்பத்தாறு சென்டிமீட்டர் கார்டு வியாழனன்று வந்தது. கணினிப் பெட்டிக்குள் இருந்த இடம் முப்பது. சாய்த்துப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள், அதிகாரி முழங்காலைக்கூடக் கொடுத்துப் பார்த்தார்.

"இதுல பாதி வெறும் ஃபேன்தாங்க," என்றார் அதைக் கொண்டுவந்த கடைக்காரர். "நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள கொடுங்க, அதுக்கப்புறம் கம்பெனி திருப்பி எடுக்காது. இதைவிடக் குட்டையா, வேகமா ஒண்ணு மாத்தித் தரேன்."

அதிகாரிக்கும் ஆட்சேபணை இல்லை. முன்மொழிந்தவர் 'என் அளவுகோல் தவறு' என்று ஒரு வரி எழுதித் தரவேண்டும், அவ்வளவுதான்.

"ஒரே ஒரு வரிடீ," வெள்ளி மதியம் தலைவி கெஞ்சினாள். "ஆறு மாசப் பயிற்சி. எழுதித் தொலையேன்."

இவள் பேனாவை எடுத்து 'என்' என்று எழுதினாள். கை நின்றது. பிறகு தானாக ஓடியது. நான்கு பக்கம். கார்டு சரி, அளவுகோல் சரி, பெட்டிதான் குட்டை என்பது அதில் ஐயந்திரிபற நிறுவப்பட்டிருந்தது.

தலைவி கொதித்துப்போய்ப் பிடுங்கிப் படித்தாள். "மூணாம் பக்கத்துல ஓட்டை இருக்கு!"

"எங்கே, காட்டு."

காட்டினாள். இவள் அடைத்தாள். கார்டை எடுத்துப்போக வந்த கடைக்காரர், "ரெண்டாம் பக்கமே இடிக்குதே," என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அதிகாரி இரு தரப்பையும் குறிப்பேட்டில் ஏற்றினார். கடைசியில் தலைவி பெருமூச்சு விட்டாள். "சரி, ஒத்துக்கறேன். பெட்டிதான் தப்பு."

அப்போது மணி ஆறேகால்.

அந்த வருஷம் மன்றத்துக்குக் கிடைத்த ஒரே வெற்றி அதுதான்.