ஒட்டுதாம், ஓடுதாம்

அந்தப் பட்டியல் முதலாளியின் விரலுக்கு அடங்காமல் போய் ஐந்து நாள், மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

உதிரிபாகக் கடைக்குச் செயலி எழுதித் தந்தவள் அவள். கடை மாடியில் அவள் மேசை. வாயைத் திறக்க மாட்டாள் என்பதால் ‘சைலன்ட் மோடு’ என்று பட்டப்பெயர். அந்தச் செயலியில் நாலாயிரம் பொருள் கொண்ட விலைப்பட்டியல் அது. விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு ஓடி, மெல்ல வேகம் குறைந்து நிற்க வேண்டும். அவள் தள்ளினால் அப்படித்தான் நின்றது.

முதலாளியோ முப்பது வருடம் தடித்த விலைப் புத்தகத்தைப் புரட்டியே பழகியவர். அவர் அறைக்குள் போக அவளுக்குக் கூச்சம். அவருடைய போனும் புகாரும் டீ கொடுக்கும் அக்காவின் தட்டில் வந்து போயின.

“ஒட்டுதாம்மா.”

உராய்வுக்கான எண்ணைக் குறைத்தாள்.

“இப்ப பிரேக் இல்லாத லாரியாட்டம் ஓடுதாம்.”

கூட்டினாள்.

“பல்பு தேடினா பெல்ட்டுல போய் நிக்குதாம்.”

தெரியாமல் படும் தொடுதல்களைப் பொருட்படுத்தாதே என்று நாற்பது வரி எழுதிச் சேர்த்தாள்.

“அசையவே மாட்டேங்குதாம். உயிர் இருக்கான்னு கேக்கச் சொன்னாரு.”

ஒவ்வொரு முறையும் அதே போனை வாங்கி, பளிச்சென்றிருந்த திரையில் தள்ளிப் பார்த்தாள். எண்ணெய் போட்டதுபோல நகர்ந்தது. தன் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாமா என்றிருந்தது.

இன்று அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள். “அஞ்சு மணிக்குள்ள சரியாகலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறாராம். உங்க வேலையை நிரந்தரமாக்குற கடுதாசி அவரு மேசையிலதான் கிடக்கு, கையெழுத்து இல்லாம.”

நாலரை மணிக்கு, செய்த மாற்றங்களை எல்லாம் அழித்துவிட்டு முதல் நாள் எழுதியதையே திரும்பப் போட்டு அனுப்பினாள். போன் போன வேகத்தில் திரும்பி வந்தது.

“துள்ளுதாம்மா.”

சைலன்ட் மோடு கலைந்தது. மாடி முழுவதும் திரும்பிப் பார்த்தது.

“அக்கா, உள்ள உக்காந்துக்கிட்டு அந்த மனுஷன் அப்படி என்னதான் பண்றாரு?”

அக்கா தட்டை நிதானமாகக் கீழே வைத்தாள்.

“இதை முதல் நாளே கேட்டிருக்கலாமேம்மா. பெருவிரலை நாக்குல தொட்டுத் தொட்டுத்தான் தள்ளுறாரு; எச்சிலோட உங்க கைக்கு வரக்கூடாதேன்னு ஒவ்வொரு தடவையும் நான்தான் துடைச்சுக் கொண்டாறேன்.”