கரையில் நிற்கும் படகு கரைக்கு வர முடியாது

எங்கள் புவெர்த்தோ மங்கிலாரில் ஒரு படகு கடலுக்குப் போக டீசலும் ஐஸும் மட்டும் போதாது. புறப்பாட்டு அனுமதி வேண்டும். கடல் அதைக் கேட்பதில்லை, மீனும் கேட்பதில்லை, நாங்கள் கேட்போம். நாங்கள் என்றால் மண்டலக் கடற்புறப்பாட்டு அனுமதி இயக்குநரகம். மீன் சந்தைக்கு மேல் மாடியில் இரண்டு அறைகள், ஒரு மின்விசிறி, ஒரு கம்ப்யூட்டர். இரண்டாம் எண் கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவன் அடியேன், நிக்கானோர். ஒன்றாம் எண் கவுண்ட்டர் என்று எதுவும் கிடையாது. ஒன்று என்று போட்டால் அலுவலகம் சின்னது என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்கள் அல்லவா.

சில வருடங்களுக்கு முன் தலைநகரத்திலிருந்து ஓர் ஆணை வந்தது. அந்நியக் கம்பெனியின் மென்பொருளுக்கு அடிமைப்பட்டுக் கிடப்பது நாட்டின் தொழில்நுட்ப இறையாண்மைக்கு இழுக்கு, ஆகையால் சகல அலுவலகங்களும் சுதந்திர மென்பொருளுக்கு மாறவேண்டும் என்றது ஆணை. அப்போது அதுதான் நாகரிகம். அமைச்சர்களின் உதவியாளர்கள்கூட சட்டையில் அந்த மென்பொருளின் சின்னமான பென்குவின் படம் குத்திக்கொண்டு திரிந்தார்கள். எங்களுக்கும் இறையாண்மை மீது மரியாதை உண்டு. ஆனால் எங்கள் பிரிண்டர் பழைய சிஸ்டத்தில்தான் ஓடும். வருகைப் பதிவுக்கு விரல் வைக்கும் கருவியும் அப்படியே. எல்லாவற்றுக்கும் மேலாக, இயக்குநர் மதியம் ஆடும் சீட்டாட்டம் புதிய சிஸ்டத்தில் இல்லை.

பல கூட்டங்கள் போட்டு வழி கண்டுபிடித்தார்கள். பழைய சிஸ்டம் அப்படியே இருக்கும். அதற்குள் இன்னொன்றை நிறுவுவோம், அது பழையதைச் சுதந்திரச் சிஸ்டம் போல நடிக்க வைக்கும், அனுமதி வழங்கும் புரோகிராம் அந்த நடிப்புக்குள் ஓடும். ஆவணங்களில் இதன் பெயர் ஒத்திசைவுச் சூழல். நாங்கள் கறுப்புத் திரை என்போம், ஏனென்றால் திறந்தால் கறுப்பாக ஒரு கட்டம் வரும், அதில் பச்சை எழுத்து ஓடும். கழுதைக்குக் குதிரைச் சேணம் பூட்டி அணிவகுப்பில் விட்டது மாதிரிதான். ஆனாலும் கழுதை நடந்தது.

அன்றைய இயக்குநர் கேப்டன் லியோனிதாஸ் கம்ப்யூட்டருக்குக் குறுக்கே ரிப்பன் கட்டி வெட்டினார். பாதிரியார் கீபோர்டில் தீர்த்தம் தெளித்தார். சற்றுத் தாராளமாகத் தெளித்துவிட்டதால் கீபோர்டை மாற்ற வேண்டியிருந்தது. சுவரில் கேப்டன் பெயர் பொறித்த வெண்கலத் தகடு ஏறியது.

பிறகு தேர்தல் வந்தது. பச்சைக் கட்சி போய் ஆரஞ்சுக் கட்சி வந்தது. எங்கள் நாட்டில் ஆட்சி மாறினால் முதலில் மாறுவது பெயிண்ட். பஸ் நிறுத்தம், பள்ளிக்கூட வேலி, பூங்கா பெஞ்சு எல்லாம் ஆரஞ்சு ஆயின. எங்களுக்குப் புதிய இயக்குநராக வந்தவர் லிசென்சியாதோ எவரிஸ்தோ பாலாதினெஸ். பட்டம் வாங்கிய மனிதரைப் பட்டம் சொல்லாமல் கூப்பிட்டால் எங்கள் ஊரில் அது சண்டைக்கு இழுப்பதற்குச் சமம். லிசென்சியாதோ தகட்டைப் பார்த்தார், திரையில் ஓடும் பச்சை எழுத்தைப் பார்த்தார், முகம் சுளித்தார். முந்தையவர் திறந்துவைத்ததைப் பயன்படுத்துவது புதியவருக்கு அழகல்ல. ஆகவே அதே சூழலை, அதே கம்ப்யூட்டரில், வேறொரு மூலையில் மறுபடி நிறுவச் சொன்னார். பழையதை நீக்கவில்லை, அரசுச் சொத்தை நீக்குவதென்றால் தலைநகரம் வரை போகவேண்டும். புதியதில் எழுத்து ஆரஞ்சு. மறுபடி ரிப்பன், மறுபடி பாதிரியார் (இந்த முறை கீபோர்டை மூடிவைத்தோம்), பழைய தகட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் புதிய தகடு. ஆரஞ்சு எழுத்து வந்ததும் எல்லோரும் கைதட்டினோம். அதற்குமேல் அதனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அது தடைக்காலம். படகுகள் கரையில் கிடந்தன, அனுமதி கேட்க ஆளில்லை.

தடைக்காலம் கார்மேன் மாதா திருநாளோடு முடிந்தது. அன்று மாதா சிலையைப் படகில் ஏற்றிக் கடலில் ஊர்வலம் போவார்கள். ஊர்வலம் முடிந்து சிலையைக் கரையிறக்கியதும் படகுகள் மீனுக்குப் போகும். மாதா எந்தப் படகில் ஏறுவாள் என்பது குலுக்கலில் முடிவாகும். இந்த வருடம் சீட்டு விழுந்தது தோன்யா ஒப்துலியாவுக்கு. சொந்தப் படகைத் தானே ஓட்டும் அம்மாள் (எங்கள் ஊரில் மரியாதைக்கு அம்மாளைத் தோன்யா என்போம், ஐயாவைத் தோன் என்போம்). வருடா வருடம் பெயர் போட்டும் ஒருமுறைகூட விழாதவர். படகுக்குப் பெயிண்ட் அடித்து, காகிதப் பூ கட்டி, மாதா ஏறிய படகுக்கு நல்ல மீன்பாடு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அடித்தட்டு நிறைய ஐஸ் ஏற்றிவிட்டு, காலையில் முதல் ஆளாகக் கவுண்ட்டருக்கு வந்தார்.

நான் கறுப்புத் திரையைத் திறந்து அனுமதி புரோகிராமை அழைத்தேன். ஆரஞ்சு எழுத்தில் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிவிட்டு அது உயிரை விட்டது.

"என்ன சொல்லுது தோன் நிக்கா?"

"இங்கிலீஷ்ல எதையோ சொல்லிட்டுப் படுத்துருச்சு தோன்யா."

"எழுப்புங்க. கீழ ஐஸ் கரையுது."

லிசென்சியாதோ உடனே இஞ்சினியர் தார்வினை வரவழைத்தார். தார்வின் தலைநகரம் எங்களுக்கு அனுப்பிவைத்த இறையாண்மை ஆலோசகர். தாடி, செருப்பு, ஒரு லேப்டாப். அந்த லேப்டாப்பின் உண்மையான நிறம் என்ன என்று சொல்ல முடியாத அளவுக்கு அதன் மேல் ஸ்டிக்கர். திரையைக் கனிவோடு பார்த்துவிட்டு இது கோளாறே அல்ல என்றார். ஓடுவதற்குச் சுதந்திரம் உள்ள மென்பொருளுக்கு ஓடாமல் இருக்கவும் சுதந்திரம் உண்டாம். அந்த நாலு வரியில் என்னதான் இருக்கிறதென்று படித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் யாரும் படிக்கிறதில்ல தோன் நிக்கா," என்றார். "மிஷின் தனக்குத்தானே புலம்பிக்கிறது அது."

முதலில் வைரஸ் தடுப்பான் மேல் சந்தேகப்பட்டு அதைக் கழற்றினார். பிறகு பிரிண்டர் மேல் சந்தேகம். பிறகு என் மேல். கடைசியில் கம்ப்யூட்டரை அணைத்துப் போடவேண்டும் என்றார். அங்கே ஒரு சட்டச் சிக்கல் எழுந்தது. விரல் வைக்கும் கருவி அதே கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. அதை அணைத்தால் அலுவலகம் முழுவதும் அன்று பணிக்கு வரவில்லை என்று பதிவாகிவிடும். வராத ஊழியர்கள் கம்ப்யூட்டரைத் திரும்ப இயக்க முடியுமா? முடியாது என்று லிசென்சியாதோ தீர்ப்பளித்தார். ஆகவே எல்லோரும் விரல் வைத்து வெளியே போனோம், காவலாளி அணைத்துப் போட்டான், எல்லோரும் விரல் வைத்து உள்ளே வந்தோம். தோன்யா ஒப்துலியா மட்டும் வெளியேயும் போகவில்லை, உள்ளேயும் வரவில்லை, பெஞ்சிலேயே உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வரி மறுபடி வந்தது.

அடுத்து தார்வின் நடுநிலையான தீர்வு ஒன்றைச் சொன்னார். மூன்றாவதாக ஒரு சூழலை நிறுவுவது. லிசென்சியாதோவின் கவலை நிறத்தைப் பற்றி. வெள்ளை என்று முடிவாயிற்று. நிறுவினார்கள். இப்போது அந்த நாலு வரியை வெள்ளையிலும் படிக்க முடிந்தது. யாரும் படிக்கவில்லை.

கையால் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரக்கூடாதா என்று தோன்யா ஒப்துலியா கேட்டார். லிசென்சியாதோ மனம் புண்பட்டவராகச் சுவரைக் காட்டினார். காகிதமற்ற அலுவலகம் என்ற சுற்றறிக்கை அங்கே மூன்று பிரதிகளில் ஒட்டப்பட்டிருந்தது.

அதற்குள் கடற்கரையில் பேண்டு வாத்தியம் ஆரம்பித்துவிட்டது. பாதிரியார் ஆள் மேல் ஆள் அனுப்பினார். மேயர் வந்து இறங்கிவிட்டார், போட்டோக்காரனும் வந்துவிட்டான். அந்தப் போட்டோவில் தான் இல்லாமல் போய்விடுமோ என்ற நினைப்பு வந்ததும் லிசென்சியாதோவின் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

"இது புறப்பாடே இல்ல தோன்யா. தண்ணி மேல நடக்கிற வழிபாடு. வழிபாட்டுக்கு அனுமதி குடுக்கவோ மறுக்கவோ இந்த இயக்குநரகத்துக்கு அதிகாரம் கிடையாது. நீங்க போகலாம்."

"அப்ப மீன்?"

"மீன் பிடிச்சா அது புறப்பாடு ஆயிரும். பிடிக்காதீங்க."

தோன்யா ஒப்துலியா சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்தார், படியிறங்கிப் போனார். மாதாவைக் காக்க வைக்க அவருக்கு மனமில்லை. படகில் சிலை ஏறியது, பாதிரியார் ஏறினார், மேயர் ஏறினார், லிசென்சியாதோ சிலைக்கு வலப்பக்கம் நின்றார். மலைநாட்டில் பிறந்து அதுவரை படகே ஏறியிராத தார்வினும் ஏறினார். மற்றப் படகுகள் பின்னாலேயே போயின. அலுவலகத்தில் நானும் படகுகளோடு பேசும் வானொலியும் மூன்று நிறத்தில் செத்துக் கிடந்த திரையும் மிஞ்சினோம்.

ஊர்வலம் அழகாக நடந்ததாம். தொல்லை திரும்பும்போது வந்தது. துறைமுக வாயிலில் காவல் படகு நின்றது. அதில் இருந்த கார்ப்பரல் புதிதாக வந்தவன், விதி என்றால் விதி. வருகை அனுமதி இல்லாத படகு எதையும் உள்ளே விடாதே என்று அவனுக்கு உத்தரவு. அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டிருந்தவர் லிசென்சியாதோ எவரிஸ்தோ பாலாதினெஸ். லிசென்சியாதோ தன் பெயரைச் சொன்னார். கார்ப்பரல் சல்யூட் அடித்துவிட்டு, ஐயா எழுதிய உத்தரவை ஐயாவுக்காகவே மீறினால் அது ஐயாவுக்கு அவமரியாதை என்றான். வானொலி அலறியது.

"தோன் நிக்கா, வாசல்ல நிக்கிறேன். இந்தப் பய விடமாட்டேங்கிறான். வருகைச் சீட்டு போடுங்க."

"அது செத்துக் கிடக்குது தோன்யா. உயிரோட இருந்தாலும் உங்களுக்குப் போட முடியாது. நீங்க புறப்பட்டதா பதிவே இல்ல. அலுவலகக் கணக்குல உங்க படகு இன்னும் கரையிலதான் நிக்குது."

"கரையிலயா? அப்ப இங்க நனைஞ்சுக்கிட்டு நிக்கிறது யாரு?"

"எனக்குத் தெரியாது தோன்யா. ஆனா கரையில நிக்கிற படகு கரைக்கு வர முடியாது."

நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. விதி அப்படித்தான். வானொலியில் அலை மோதும் சத்தமும் யாரோ வாந்தி எடுக்கும் சத்தமும் கேட்டன. குரலை வைத்துப் பார்த்தால் அது இறையாண்மை ஆலோசகர்.

"அந்த நாலு வரியப் படிங்க," என்றார் தோன்யா ஒப்துலியா.

அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். புலம்பல் ஒன்றும் இல்லை, மிகவும் மரியாதையாகவே எழுதியிருந்தது. 'இந்தக் கம்ப்யூட்டரில் என்னைப் போலவே இன்னொரு பிரதி இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. எல்லாவற்றையும் தேடிப் பாருங்கள். புதியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடுங்கள்.' அவ்வளவுதான்.

"அவ்வளவுதானா?" என்றார் அந்த அம்மாள். "ஒண்ண வெச்சுக்கிட்டு மத்ததத் தூக்கிப் போட்டா முடிஞ்சுது. இதுக்கு ஒரு ஊரையே மிதக்க விடணுமா?"

லிசென்சியாதோ குறுக்கே வந்து, புதியது என்றால் தன்னுடையதுதானே என்று கேட்டார். தேதிகளைப் பார்த்தேன். லிசென்சியாதோவுடையதும் தார்வினின் வெள்ளையும் பழைய குறுந்தகட்டிலிருந்து போட்டவை. கேப்டனின் பச்சையோ, ஆட்சி மாறிய செய்தியை யாரும் அதற்குச் சொல்லாததால், மாதா மாதம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டே இருந்தது. மிகப் புதியது அதுதான். இதை வானொலியில் சொன்னேன்.

"லிசென்சியாதோ," என்றார் தோன்யா ஒப்துலியா, "ஒண்ணு உங்க ஆரஞ்சு போகணும், இல்ல நீங்க தண்ணிக்குள்ள போகணும். மாதா சாட்சி."

நீக்கம் என்று பதியக்கூடாது, ஒருங்கிணைப்பு என்று பதியவேண்டும் என்ற நிபந்தனையோடு லிசென்சியாதோ சம்மதித்தார். நீக்குவதற்கு அவருடைய ரகசியச் சொல் வேண்டும். அதை வானொலியில் சொன்னால் எல்லாப் படகும் கேட்கும் என்று எச்சரித்தேன். வேறு வழியில்லாமல் சொன்னார்.

"அடுத்த மேயர் எவரிஸ்தோ. எல்லாம் சேர்த்து."

அவருக்கு அடுத்து நின்றுகொண்டிருந்தவர் மேயர். அதற்குப் பிறகு படகில் என்ன நடந்தது என்பதைப் பாதிரியார் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆரஞ்சையும் வெள்ளையையும் ஒருங்கிணைத்தேன். பச்சை எழுத்து ஓடியது. படகு ஒவ்வொன்றுக்கும் புறப்பாட்டுச் சீட்டு, அடுத்த நொடியே வருகைச் சீட்டு, எல்லாவற்றிலும் கேப்டன் லியோனிதாஸ் பெயர். மாதா கரையேறினாள். தோன்யா ஒப்துலியாவின் படகில் ஐஸ் முழுக்கத் தண்ணீராகியிருந்தது. எத்தனையோ வருடம் காத்திருந்த மீன்பாடு போனது. அவர் அழுதார். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

மறு வாரம் ஒருங்கிணைப்புக்கு மூன்றாம் தகடு ஏறியது. தோன்யா ஒப்துலியா வானொலியில் பேசியதை எல்லாப் படகும் கேட்டிருந்ததால், அந்தச் சூட்டோடு மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கு அவரையே தலைவியாக்கினார்கள். இனி இந்த ஊருக்கு விடிவுதான் என்று நானும் நினைத்தேன்.

சங்கத்துக்கு ஓர் ஐஸ் ஆலை உண்டு. முந்தைய தலைவர் வாங்கிப்போட்ட இயந்திரம், சாம்பல் நிறம், நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. புதிய தலைவி அதற்குப் பக்கத்திலேயே அதே ரகத்தில் இன்னோர் இயந்திரத்தை வைத்து நீலம் பூசினார். ரிப்பன், பாதிரியார், தகடு. இரண்டும் ஒரே மின்கம்பியில். இரண்டையும் சேர்த்துப் போட்டதும் ஃப்யூஸ் போனது. மாற்றினார்கள், மறுபடி போனது. ஆலை வாசலில் படகுக்காரர்கள் பெட்டியோடு நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை கொர்வினா மீனுக்கு ஐஸ் வாங்கப் போன நானும் நின்றேன்.

"ஒண்ண வெச்சுக்கிட்டு மத்ததத் தூக்கிப் போட்டா முடிஞ்சுது தோன்யா," என்றேன்.

"எதத் தூக்கிப் போடுறது?"

"எது ஓடுதோ அத வெச்சுக்கலாம். அந்தச் சாம்பல் கலர்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு தகட்டைப் பார்த்தார்.

"அது போன தலைவரோட மிஷின், தோன் நிக்கா," என்றார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாக. இஞ்சினியர் தார்வினுக்குச் சொல்லி அனுப்பியிருப்பதாகவும், நடுநிலையாக வெள்ளையில் மூன்றாவது ஒன்று வரப்போவதாகவும் சொன்னார்.

அது வந்த அன்று ரிப்பனின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. நான் பிடித்துக்கொண்டேன். வெட்டியதும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினேன். விழாவில் கொடுத்த எம்பனாடாப் பலகாரம் சூடாக இருந்தது. குளிர்பானத்தில் போட ஐஸ்தான் இல்லை.