படுத்தவளை எழுப்பிய ஆணை

பென்னலூர்ப் பக்கம் ஒரு தொழிற்பேட்டை அலுவலகம். 1978-இல் அங்கே 'கலையுணர்வு வளர்ப்புத் திட்டம்' அமலுக்கு வந்தது. வரவேற்பறையில் ஓர் ஓவியம் கட்டாயம் என்று மேலிடத்து உத்தரவு. போர்டு எழுதும் மரியஜோசப் வரைந்து கொடுத்தான். பாயில் ஒரு பெண் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். தலைமாட்டில் தண்ணிச் சொம்பு. அவள் வேறு யாருமில்லை, அவன் பெண்டாட்டி லூர்தம்மாள்தான். அதே ஆபீஸில் ஏழு வருஷமாகப் பெருக்குகிறவள். வேலை இன்னும் தற்காலிகம். முதுகு வலி மட்டும் பர்மனெண்ட்.

மேனேஜர் நரசிம்மன் படத்தைப் பார்த்துக் குதித்தார்.

"அலுவலக நேரத்தில் படுப்பதா? விதி இடம் கொடுக்காது. எழுப்புங்கள்!"

படத்தின் மரச்சட்டத்தைத் திருப்பி நெட்டுக்குத்தலாக ஆணியடித்தார்கள். அம்மணி எழுந்து நின்றாள், பாயும் முதுகோடு எழுந்தது. பிறகு பொருள் காணக் கமிட்டி கூடியது.

"மூடிய கண்கள்?"

"மேலதிகாரிகள் மேல் முழு நம்பிக்கை, சார்."

"முதுகில் பாய்?"

"உழைப்பின் சுமை."

"சொம்பு சாய்ந்தும் தண்ணி கொட்டலையே?"

"சிக்கனம், சார்!"

"ஆக, ஓவியத்தின் உணர்வு?"

"சுறுசுறுப்பு!"

துடைப்பத்தோடு நின்ற லூர்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அட கர்த்தரே, அலுத்துப்போய் அடிச்சுப் போட்டாப்ல தூங்கினதுக்கா இத்தனை பேரு!

மறுநாள் மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். கையில் பர்மனெண்ட் பட்டியல். விளக்கமெல்லாம் கேட்டுவிட்டு, "பாமர மக்கள் கருத்தும் பதிவாகணும்" என்று லூர்தம்மாளைக் கூப்பிட்டார்.

"இந்தப் பொண்ணு என்னம்மா செய்யறா?"

அவர் முதுகுக்குப் பின்னால் நரசிம்மன் பல்லைக் கடித்தார். உண்மையைச் சொன்னால் எட்டாவது வருஷமும் இதே கதிதான். லூர்தம்மாள் படத்தை ஒருதரம் அண்ணாந்து பார்த்தாள்.

"நிக்குது சார்," என்றாள். "பாத்தாலே சுறுசுறுப்பா கீது."

பட்டியலில் அவள் பேருக்கு நேரே கையெழுத்து விழுந்தது.

ஒரு வாரம் கழித்து ஆபீஸ் பக்கம் வந்த மரியஜோசப் தலையில் அடித்துக்கொண்டான்.

"அய்யய்யோ, தப்பா மாட்டிகீறாங்களேமே! நீ வூட்ல படுத்துகினு இருந்ததாச்சே!" என்று சட்டத்தைப் பிடித்துத் திருப்பப் போனான்.

"யோவ், கைய எடு! நானாவது, படுக்கறதாவது! நான் பர்மனெண்ட்டு. கலையப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?" என்று தட்டிவிட்டாள் லூர்தம்மாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இன்னும் ஆறு ஆபீஸுக்கு இதே மாதிரி படம் வோணுமாம். உன்னத்தான் கேக்கறாங்க."

மரியஜோசப் கையை எடுத்தான். இரண்டடி பின்னால் போய், கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"ஆமாமே," என்றான். "நல்லா நிமுந்துதான் நிக்கறா."