உன் அறைச் சுவரில் இருக்கும் ஓட்டையைப் பற்றி

அன்பும் அதற்குச் சமமான பயமும் கலந்த வணக்கத்துடன், அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

இங்கே நான், என் மனைவி, என் பத்து விரல்கள் எல்லோரும் சௌக்கியம். அங்கே நீயும் உன் முழங்காலும் சண்டை சச்சரவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விரல்களைத் தனியாகக் குறிப்பிட ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நின்றுகொண்டு படிக்காதே, எங்கேயாவது உட்கார்ந்துகொள்.

போன மாதம் நீ எழுதியிருந்தாயே, "லிஃப்ட் இல்லாத நாலாவது மாடி இனிமே எனக்கு ஒத்து வராதுடா, உங்களோடயே வந்து இருந்துடறேன், ஆனா ஒண்ணு, சாத்தினா சாத்தின மாதிரி இருக்கற கதவோட எனக்குன்னு ஒரு ரூம் வேணும்" என்று, அதைப் படித்தபோது இவள் அழுதேவிட்டாள். எத்தனை வருடமாகக் கூப்பிடுகிறோம்! ஒவ்வொரு தடவையும் "உங்களுக்கு எதுக்கு இடைஞ்சல்" என்று ஒரே பாட்டுதானே பாடுவாய். அன்றைக்கே பின்னறைக்குப் பக்கத்து அறையை உனக்கு என்று ஒழித்துவிட்டோம். கட்டில் போட்டாயிற்று. இனி ஒரு அலமாரி வேண்டும். கடையில் வாங்கிப் போடலாம் என்றாள் இவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டிராஃப்ட்ஸ்மேன், ஆயிரம் கட்டிடத்துக்கு வரைபடம் போட்டவன், அக்காவுக்கு ஒரு அலமாரி செய்யத் தெரியாதா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கைரம்பத்தை எடுத்தேன். அறுக்கும்போது நேராகத்தான் போனது, அக்கா, சத்தியமாகச் சொல்கிறேன். மாட்டிய பிறகு பார்த்தால் வைத்த புத்தகமெல்லாம் ஒரே பக்கமாக ஓடி ஒட்டிக்கொண்டு நிற்கிறது. "இது அலமாரியா, சறுக்குமரமா? அண்ணி கண்ணாடிய கழட்டி வெச்சா காலைல பக்கத்துத் தெருவுலதான் தேடணும்" என்றாள். குறை என் கையில் இல்லை, ரம்பத்தில்தான் இருக்கிறது என்று முடிவு செய்தேன். டேபிள் சா வாங்குவது என்றும் முடிவு செய்தேன்.

அது என்ன என்று உனக்குத் தெரிய நியாயமில்லை. ஒரு மேசை, அதன் நடுவில் ஒரு வட்ட ரம்பம் தலையை நீட்டிக்கொண்டு சுற்றும். ரம்பம் இருந்த இடத்தில் இருக்கும், நாம் பலகையை அதனிடம் தள்ள வேண்டும். இந்தக் கடைசி வரியை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

கடைக்கு இவளையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் மூன்று ரகம் காட்டினார். முதலாவது சின்னது, ஒரு கையால் தூக்கிக்கொண்டு போகலாம் என்றார். ஸ்விட்சைப் போட்டதும் அது கிடுகிடுவென்று ஆடிக்கொண்டே பெஞ்சின் ஓரம் வரை வந்துவிட்டது. அவர் வயிற்றால் முட்டுக்கொடுத்து நிறுத்தி, "வேலை செய்யும்போது இவ்ளோ ஆடாது சார்" என்றார். "அப்ப யாரு ஆடணும், இவரா?" என்றாள் இவள். இரண்டாவதற்கு மடக்குகிற கால்கள், சக்கரம் எல்லாம் உண்டு. இவள் சும்மா ஒரு பிடியைத் தொட்டாள், படாரென்று விரிந்துவிட்டது. அதைத் திரும்ப மடக்கக் கடையில் ஒருவருக்கும் தெரியவில்லை. நாங்கள் கிளம்பும் வரைக்கும் வழியை மறித்துக்கொண்டே நின்றது, வந்தவர்கள் எல்லோரும் ஒருக்களித்துப் போனார்கள். மூன்றாவதுதான், அக்கா, என் குடியைக் கெடுத்தது. மேசை முழுக்க வார்ப்பிரும்பு. கடைக்காரர் ஒரு நாணயத்தை அதன் மேல் செங்குத்தாக நிறுத்திவிட்டு மோட்டாரைப் போட்டார். ரம்பம் சுற்றுகிறது, நாணயம் அப்படியே நிற்கிறது! கோடு நடுங்காமல் வர வேண்டுமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காலத்தை ஓட்டியவன் நான், எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "இதுதான்" என்றேன். "எதுக்கும் வீட்டுக்குப் போய் யோசிக்கலாம்" என்றாள் இவள். யோசிக்கிற நிலையிலா இருந்தேன்!

"ரூம் எவ்ளோ பெருசு சார்?" என்று அந்த மனுஷன் கேட்கத்தான் செய்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பின்னறையை அளந்து வரைந்த படத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். பெருமையாக விரித்துக் காட்டினேன். சுவர், கதவு, ஜன்னல், நடுவில் ரம்பம், ரம்பத்துக்கு முன்னால் நான். என்னைக் கொஞ்சம் ஒல்லியாகவே வரைந்திருந்தேன். சுற்றிலும் தாராளமாக இடம் இருந்தது. "பிரமாதம் சார்" என்று கடை ஆட்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அந்தப் படத்தில் நான் வரைய மறந்தது ஒன்றே ஒன்றுதான். பலகை.

நான்கு பேர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து ரம்பத்தை இறக்கிவிட்டுப் போனார்கள். நல்ல வேளையாக மோட்டாரைப் போடாமல் முதலில் ஒத்திகை பார்த்தேன். எட்டடிப் பலகையை எடுத்து மேசைமேல் வைத்துத் தள்ளினேன். ஒரு முழம் போனதும் எதிர்ச் சுவரில் டொக் என்று முட்டியது. பின்னால் இழுத்தேன், இந்தப் பக்கத்துச் சுவரில் டொக். நடுவில் நான். இவள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏங்க, ரம்பத்துக்கு இடம் பாத்தீங்க, உங்களுக்கு இடம் பாத்தீங்க, மரம் எங்க நிக்கும்?" என்றாள். எட்டடிப் பலகை அறுபட வேண்டுமென்றால் ரம்பத்துக்கு முன்னால் எட்டடி, பின்னால் எட்டடி வேண்டும் என்பது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. கடையில் திருப்பி எடுப்பார்களா என்று கடைக்காரரைக் கேட்டேன். "தூக்கினவங்க நாலு பேரும் முடியாதுன்னுட்டாங்க சார்" என்றார்.

சரி, ஜன்னல் பக்கம் திருப்பினேன். ஜன்னல் கட்டை ரம்ப மேசையைவிட நாலு விரல் உயரமாக இருந்தது. நானும் இவளும் நெம்பி நெம்பி ரம்பத்துக்குக் கீழே செங்கல் வைத்தோம். பலகை ஜன்னல் வழியே சந்துக்குள் அழகாகப் போனது. எனக்கு ஒரே குஷி. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் சந்தில் வந்தார். தங்கமான மனுஷன், யாருக்கும் உதவாமல் போகவே மாட்டார். "விடுங்க சார், நான் புடிச்சுட்டேன்" என்று ஒரே இழுப்பில் பலகையை உருவி எடுத்து, எனக்கு வேண்டாத பலகை என்று நினைத்து, நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குள் கொண்டுபோய்விட்டார். போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் வீட்டு மீன்தொட்டி இப்போது அதன் மேல்தான் இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்துதானே இருக்கிறாய்? பின்னறைக்கும் உன் அறைக்கும் நடுவே இருக்கிற சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு நீள ஓட்டை போட்டால் பலகை நிம்மதியாகப் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். கொத்தனாரைக் கூப்பிட்டேன். "அந்தப் பக்கம் யாரு இருக்கப் போறாங்க?" என்று கேட்டார். "எங்க அக்கா." "அவங்க சரின்னுட்டாங்களா?" "அவங்களுக்குத் தெரியாது." சுவரைத் தட்டிப் பார்த்தார். "அப்ப அவங்க வர்றதுக்குள்ள நான் முடிச்சுட்டுப் போயிடறேன்" என்று சுத்தியலை எடுத்தார். ஓட்டை நேராகத்தான் வந்திருக்கிறது. இவள் உன் கட்டிலில் படுத்துப் பார்த்தாள், நான் இந்தப் பக்கமிருந்து தள்ளினேன். பலகை அவள் மூக்குக்கு மேல் ஒரு சாண் விட்டுப் போனது. "இன்னொரு ஆள் இதுல படுக்கமாட்டாங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

கட்டிலைத் தள்ளிப் போட்டுவிட்டேன். ஓட்டைக்கு ஒரு மரமூடியும் செய்து மாட்டினேன். தாழ்ப்பாளை உன் பக்கம்தான் வைத்திருக்கிறேன், அக்கா. நீ திறந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நீ படிக்கும்போது, தூங்கும்போது, சும்மா கோபமாக இருக்கும்போதுகூட அதைத் திறக்கச் சொல்லி நான் வாய் திறக்கமாட்டேன். இன்றைய தேதி வரை அந்த ரம்பம் ஒரு பலகையைக்கூட அறுக்கவில்லை. உன் அறைச் சுவர் ஒன்றுதான் அதனால் அறுபட்டது.

"இதையெல்லாம் எழுதாதீங்க. எழுதினா அண்ணி வரவே மாட்டாங்க. 'நான் வந்தா அவனுக்கு இடைஞ்சல்'னு ஒரு வரி எழுதிப் போட்டுட்டு அந்த நாலு மாடியையே ஏறி இறங்கிட்டு இருப்பாங்க" என்று இவள் தலையில் அடித்துக்கொள்கிறாள். எனக்கும் அதே பயம்தான். ஆனால் நீ அந்த வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்த பிறகு இங்கே வந்து ஓட்டையைப் பார்த்தால் அது மோசடி இல்லையா? அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பார்த்துவிட்டு, தம்பி வீட்டில் நமக்கு இடமில்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. நீ ஒரு வார்த்தை சொல், ரம்பத்தை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறேன், யாரும் எடுக்காவிட்டால் அதன் மேல் துணி மடித்து வைத்துக்கொள்கிறோம். எனக்கு ரம்பம் வேண்டாம், அக்கா. நீ வந்தால் போதும்.

உன் முழங்காலைக் கேட்டதாகச் சொல். இவள் தன் அன்பையும், இதில் தனக்குப் பங்கில்லை என்பதையும் தெரிவிக்கச் சொன்னாள். எங்கிருந்தாலும் எங்களை வாழ்த்து, திட்டுவதானால் நேரில் வந்து திட்டு.

என்றும் உன் அடங்காத தம்பி.

பின்குறிப்பு: மேலே எழுதியது அத்தனையும் வீண். உறையை ஒட்டிக்கொண்டிருக்கும்போதே வாசல் மணி அடித்தது. சொன்ன தேதிக்கு முன்னாலேயே இரண்டு பெட்டியோடு நீ நிற்கிறாய். "என்னடா முழிக்கற, பெட்டிய வாங்கு" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் ஓட்டையைப் பார்த்துவிட்டாய். பின்னறைக்கு நடந்துபோய் ரம்பத்தையும் பார்த்தாய். "ஏண்டா, இத கோணலா போட்டா என்ன? பலகையோட வால் கதவு வழியா வெளிய இருக்கட்டும், தலை எதிர் மூலைக்குப் போகட்டும். நான் நர்ஸா இருந்தப்ப ஆபரேஷன் தியேட்டருக்குள்ள ஸ்ட்ரெச்சர எப்படிக் கொண்டு போனோம்னு நெனச்ச, செவத்த இடிச்சா?" என்றாய். இவள் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாழ்நாள் முழுக்க எதையும் சுவருக்கு இணையாகவே வரைந்து பழகியவனுக்கு அது தோன்றவே இல்லை, அக்கா.

"நாளைக்கே கொத்தனாரக் கூப்பிட்டு அடைச்சுடறேன்க்கா" என்றேன். "வேண்டாம். இருக்கட்டும். அந்த மூடியயும் கழட்டிடு" என்றாய். சாத்தினால் சாத்தின மாதிரி இருக்க வேண்டும் என்றாயே என்று கேட்டேன். "சொன்னேன்டா. அப்புறம் அங்க பாத்ரூம்ல விழுந்துட்டேன். கெடந்து கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன், யாருக்கும் கேக்கல. அதான் சொன்ன தேதி வரைக்கும் இருக்க முடியல" என்றாய்.

நான் வெளியே போய்விட்டேன். கண்ணில் மரத்தூள் விழுந்துவிட்டது என்று இவளிடம் சொன்னேன். "இன்னும் ஒரு பலகைகூட அறுக்கலியே, தூள் எங்கேருந்து வந்துச்சு?" என்றாள். அங்கே வாய் வராததை இங்கே எழுதி, தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறேன். மூடியைக் கழற்றிவிட்டேன். பின்னறைக் கதவையும் கழற்றிச் சந்தில் சாத்திவிட்டேன். இப்போது உன் கட்டிலுக்கும், பின்னறை வாசலுக்கு எதிரே இருக்கும் எங்கள் அறைக்கும் நடுவே அந்த ரம்பத்தைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. மெதுவாகக் கூப்பிட்டாலே கேட்கும், அக்கா.